எறும்புக்கு வைத்த குழம்பு

எங்கள் வீட்டில் மாடு சைவம். நாய் சைவம். பூனை வெளியே போய் என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. எறும்பும் சைவம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஐயா தோட்டத்துக்குப் போகுமுன் திருநீறு பூசுவார். வந்து கால் கழுவினதும் மறுபடி பூசுவார். கோயிலில் புராணம் படிக்கிற நாட்களில் பாட்டுக்குப் பயன் சொல்லிப் பொருள் விளக்குகிறவர் அவர்தான். மயிலிட்டியில் இருந்து மீன் கொண்டுவருகிற மனிசி ஒருத்தி இருந்தாள். ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கூவிக்கொண்டு வருவாள். எங்கள் வேலிப் படலைக்கு நேரே வந்ததும் வாயை மூடிவிடுவாள். படலையைக் கடந்ததும் விட்ட இடத்தில் இருந்து கூவுவாள். ஐயாவுக்கு அவள் கொடுத்த மரியாதை அது.

அந்த வீடும் வளவும் அம்மாவின் சீதனம். அம்மாவும் அவருடைய தம்பியான என் மாமாவும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள். அப்போதெல்லாம் வெள்ளியும் விரதமும் இல்லாத நாட்களில் அங்கே மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்தார்களாம். ஐயா மாப்பிள்ளையாக வந்த அன்றோடு அது நின்றது. மச்சம் சமைத்த மண்சட்டியை அம்மா எறியவில்லை. மாட்டுக்கொட்டில் மூலையில் கவிழ்த்து வைத்திருந்தார். அதன்மேல் பழைய மாட்டுக்கயிறு கிடக்கும். அதைத் தொட்டால் அடி விழும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். றப்பர் விலை விழுந்தது. கந்தோரில் ஆட்களைக் குறைத்தார்கள். மாமாவும் குறைந்தார். அவரைக் கூட்டிவர ஐயா வண்டில் கட்டிக்கொண்டு சுன்னாகம் ஸ்ரேசனுக்குப் போனார். நானும் போனேன். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. ரயிலால் இறங்கினவரை ஐயா தாண்டிப் போய்விட்டார். பின்னால் இருந்து "அத்தான்" என்று ஒரு குரல் கேட்ட பிறகுதான் திரும்பினார். மாமா அவ்வளவு மெலிந்திருந்தார். கப்பலிலேயே காய்ச்சல் பிடித்துவிட்டதாம்.

பார்க்க வந்த சனம் எல்லாம் திரும்பப் பயணம் எப்போது என்று கேட்டது. "லீவிலை வந்தவன். உடம்பு தேறட்டும்" என்று அம்மா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. மாமா அதில் கிடந்தார். காய்ச்சல் விட்டது, ஆனால் மாமா எழும்பவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைப்பார். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை என்று மாறி மாறிச் சமைப்பார். மாமா ஒரு பிடி, இரண்டு பிடி தின்பார். பிறகு "காணும் அக்கா" என்று கையை உதறுவார். மிச்சம் மாட்டுக்குப் போகும். மாமா மெலிய மெலிய எங்கள் மாடு கொழுத்தது.

பரியாரியார் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். கசாயம் கொடுத்தார். போகும்போது படலையடியில் நின்று அம்மாவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"இந்த வீட்டிலையோ?" என்று அம்மா கேட்டார்.

பரியாரியார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"கசாயத்தை நேரத்துக்குக் குடுக்கட்டாம்" என்றார் அம்மா.

எறும்பு மாமாவுக்காக வந்ததல்ல. அது விறகுக்குள் இருந்து வந்தது. வேலியோரம் கிடந்து உக்கிப்போன மாங்குற்றி ஒன்றை ஐயா கோடரியால் பிளந்தார். உள்ளே அறை அறையாகக் குடைந்திருந்தது. கறுத்த பெரிய எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. நடுவில் ஒன்று மட்டும் தடித்த வயிற்றோடு மெல்ல நகர்ந்தது. ஐயா கோடரியைக் கீழே வைத்தார்.

"குடியும் குடித்தனமுமாய்க் கிடக்குதுகள். உந்தக் குற்றி இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அந்தக் குடித்தனத்தைப் பார்க்க ஆசை. ஒரு சிரட்டையில் மண் போட்டு, கொஞ்ச எறும்பைத் தட்டிவிட்டு, மேலே இன்னொரு சிரட்டையால் மூடினேன். விடிய எழும்பிப் பார்த்தால் மண் மட்டும் கிடந்தது. தாயெறும்பை நான் குற்றியிலேயே விட்டிருந்தேன். தாய் இல்லாத வீட்டில் அவை நிற்கவில்லை. அடுத்தமுறை தாயெறும்பையும் பூவரசம் இலையில் ஏற்றி எடுத்தேன். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் மண்ணை நிரப்பி எல்லாவற்றையும் உள்ளே விட்டு வாயைத் துணியால் கட்டினேன். நின்றன. ஆனால் ஒன்றையும் காணமுடியவில்லை. போத்தலின் நடு மண்ணுக்குள் போய்விட்டன.

அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தேன். மாமா முகட்டை விட்டுக் கண்ணைத் திருப்பினார்.

"உந்தப் போத்தலுக்கை என்ன பிள்ளை?"

"எறும்பு."

"மண்ணைத்தானே காணுறன்."

"உள்ளுக்கை கிடக்குதுகள்."

"காட்டு பாப்பம்."

"காட்ட ஏலாது."

"அப்ப எறும்பெண்டு என்னெண்டு நம்புறது?"

எனக்குக் கோபம் வந்தது. போய்க் கிணற்றடியில் இருந்து யோசித்தேன். அவை நடுவுக்குத்தான் போகின்றன. நடு இல்லாவிட்டால் எங்கே போகும்? மாமா குடித்து முடித்த கசாயப் போத்தல் ஒன்று கிடந்தது. அதை ஊறுகாய்ப் போத்தலின் நடுவில் நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் மட்டும் மண் போட்டேன். எறும்புகளுக்கு வேறு வழியில்லை. கண்ணாடியை ஒட்டியே தெருக்களும் சந்துகளும் வெட்டின. கொண்டுபோய் மாமாவின் நெஞ்சில் வைத்தேன். சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து இருந்தார்.

ஆனால் அந்தப் போத்தலும் சரிவரவில்லை. வெயிலில் உள்ளே வேர்த்தது. மண்ணில் பூஞ்சணம் பிடித்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவை மேலும் கீழும் அலைந்தன.

"கட்டைக்குள்ளை இருந்ததுகளுக்கு மண்வீடு பிடிக்குமோ? பலகையிலை குடைஞ்சு குடுப்பம்" என்றார் மாமா.

முள்முருக்கு மரம் நகத்தால் கீறலாம், அவ்வளவு மெது. ஐயா வேலியில் காய்ந்து நின்ற முள்முருக்கில் ஒரு பலகை பிளந்து தந்தார். வீட்டுப் படத்தைக் கரியால் கீறுவது என் வேலை. எனக்குத் தெரிந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அதையே கீறினேன். தலைவாசல், நடு அறை, நெல் வைக்கிற அறை, குசினி, சாமியறை.

"எறும்புக்குச் சாமியறை என்னத்துக்கு மருமோள்?" என்று மாமா கேட்டார்.

"அப்ப அதுகள் எங்கை கும்பிடுறது?"

மாமா பேனாக்கத்தியை எடுத்துக் குடையத் தொடங்கினார். குசினி ஒன்றை முடிப்பதற்குள் வேர்த்துச் சாய்ந்துவிட்டார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் சாமியறை முடிந்திருந்தது. விளக்கு வைக்க ஒரு சின்ன மாடமும் வெட்டியிருந்தார்.

மேலே மூடக் கண்ணாடி வேண்டும். வீட்டில் தட்டைக் கண்ணாடி இருந்தது சாமிப்படங்களிலும் மாமாவின் கந்தோர்ப் படத்திலும்தான். கந்தோர்ப் படத்தில் நடுவில் துரை கதிரையில் இருப்பார். பின்வரிசையில் மாமா கோட்டுப் போட்டு மீசை முறுக்கிக்கொண்டு நிற்பார். மாமாவின் பெட்டியில் இருந்து அதை எடுத்து அம்மாதான் சுவரில் மாட்டியிருந்தார். வந்த சனத்துக்கு அதைத்தான் காட்டுவார். மாமா அதைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினார்.

"தம்பி, உதை ஏன் கழட்டுறாய்?" என்று அம்மா ஓடிவந்தார்.

"சும்மா தொங்குது அக்கா. எறும்புக்கெண்டாலும் உதவட்டும்."

படத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பலகைமேல் வைத்துப் பார்த்தார். பலகை கொஞ்சம் பெரிது. சுற்றிவரச் சீவினார். ஓரத்தைப் பிலாக்காய்ப் பால் தடவி ஒட்டினோம். தலைவாசலுக்கு ஒரு பப்பாசி இலைத்தண்டுக் குழலைச் செருகி, அதன் மற்றத் தலைப்பை மலாயாவில் இருந்து வந்த பிஸ்கட் தகரத்துக்குள் விட்டோம். தகரம்தான் முற்றம். சாப்பாடு அங்கே வைப்பது. குசினி மூலையில் ஒரு துளை போட்டு ஈரத்திரி விட்டோம். எல்லாவற்றையும் இரண்டு செங்கல்லில் ஏற்றி, தண்ணீர் விட்ட மண் தட்டத்தில் வைத்தோம். அம்மா பலகார அலுமாரியின் காலுக்கு வைக்கிற தண்ணீர்க் கிண்ணத்தில் பார்த்துப் படித்தது அது. அங்கே எறும்பு உள்ளே போகாமல் இருக்கத் தண்ணீர். இங்கே வெளியே போகாமல் இருக்க.

குடிபுகுத்துவது இலேசாக இருந்தது. ஊறுகாய்ப் போத்தலைத் தகரத்துக்குள் வெளிச்சத்தில் சரித்து வைத்தோம். புதுவீட்டைப் பழைய குடைச்சீலையால் மூடி இருட்டாக்கினோம். ஒரு எறும்பு குழலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு இரண்டு போயின. பிறகு முட்டைகள் தூக்கிக்கொண்டு ஒரு ஊரே இடம்பெயர்ந்தது. கடைசியில் தாயெறும்பு போனது. மாமாவும் நானும் நிலத்தில் குந்தி இருந்து பார்த்தோம். அன்றைக்கு அவர் கதிரைக்குப் போக மறந்துவிட்டார்.

வீட்டை நாங்கள் கட்டினோம். குடியிருப்பது அவை. தாயெறும்பு குசினியில் போய் இருந்துகொண்டது. ஈரம் அங்கே. நெல் அறையில் முட்டைகளை அடுக்கின. நடு அறையில் யாரும் தங்கவில்லை. சாமியறையைக் குப்பை கொட்டுகிற இடமாக்கின. செத்த எறும்பையும் அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டன. குடைச்சீலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நான் அழுதேன். மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு வெளியே வந்து, யார் சிரித்தது என்று பார்த்தார்.

பிறகு எறும்புகள் குறையத் தொடங்கின.

நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. சீனி வைத்தோம். தேங்காய்ப்பூ, வாழைப்பழம், நெய் விட்ட சோறு. கோயிலில் இருந்து வந்த பஞ்சாமிர்தம்கூட வைத்தோம். தின்றன. ஆனால் முட்டையால் வந்த புழுக்கள் குறுணியரிசி அளவில் நின்றுவிட்டன. வளரவில்லை. பிறகு அந்தப் புழுக்களையும் காணவில்லை. முட்டைகளும் போயின. அவற்றைப் பெரிய எறும்புகளே தின்றன. கண்ணாடியில் மூக்கை வைத்து நானே பார்த்தேன். சாமியறையில் பிணங்கள் கூடின.

மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் குடைச்சீலையை இழுத்து மூடினார். கதிரைக்குப் போய்ச் சாய்ந்தார். அன்றைக்கு ஒரு பிடிகூடத் தின்னவில்லை. தாயெறும்பு செத்தால் மாமா முகட்டைப் பார்க்கப் போய்விடுவார், பிறகு எழும்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்தேன்.

ஒருநாள் ஒழுங்கையில் நின்றேன். மீன்கார மனிசி அடுத்த வளவின் வேப்பமரத்துக்குக் கீழ் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் இருந்து கடகம் வரைக்கும் கறுப்பாக ஒரு வரிசை. எங்கள் எறும்பின் சாதிதான். ஒன்று தன்னிலும் பெரிய செதிள் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது.

"இதுகள் மீன் தின்னுமோ?" என்று கேட்டேன்.

"பின்னை? எறும்பும் சைவமோ பிள்ளை? உங்கடை ஐயா எறும்புக்கும் தீட்சை குடுத்துப்போட்டாரோ?"

என் எறும்புகளின் கதையைச் சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"சீனியும் பழமும் திண்டு குஞ்சு வளருமோ? உடம்பு பிடிக்க மச்சம் வேணும். என்ரை பிள்ளையளைப் பார், கல்லுக் கல்லாய் இருக்குதுகள்."

சூடை மீன் தலை ஒன்றைப் பூவரசம் இலையில் வைத்துத் தந்தாள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு படலை வரைக்கும் வந்தேன். அதற்கு அங்கால் கால் போகவில்லை. மீனோடு நான் அந்தப் படலையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நடந்ததே இல்லை. அப்படியே நின்றேன். காகம் ஒன்று வேலியில் வந்து இருந்தது.

அம்மா கண்டுவிட்டார். வந்து இலையைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

"என்னடி உது?"

"எறும்புக்கு. மச்சம் இல்லாமல்தான் சாகுதுகளாம்."

"ஆர் சொன்னது?"

"மீன்கார மனிசி. உடம்பு பிடிக்க மச்சம் வேணுமாம்."

அம்மா என்னைப் பார்த்தார். திரும்பி விறாந்தையைப் பார்த்தார். அங்கே கதிரையின் கைப்பிடியில் மாமாவின் முழங்கை மட்டும் தெரிந்தது. இலையை என் கையால் வாங்கிப் படலைக்கு வெளியே பூவரசங் கிளைக் கப்பில் வைத்தார்.

"ஐயா வரட்டும்" என்றார்.

ஐயா தோட்டத்தால் வந்து கால் கழுவினார். அம்மா செம்போடு நின்றார்.

"இஞ்சாருங்கோ. பிள்ளையின்ரை எறும்பு சாகுது."

"அதுக்கு?"

"மச்சம் இல்லாமல்தானாம்."

ஐயா துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு விறாந்தைப் பக்கம் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நெஞ்செலும்பு எண்ணலாம் போல இருந்தது. ஐயா அங்கேயே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எறும்பு இருந்தது மற்றப் பக்கம்.

"எறும்பு இந்தப் பக்கம் ஐயா" என்று காட்டினேன்.

"ஓம் பிள்ளை. காணுறன்."

திருநீற்றுக் குட்டானில் கையை வைத்தவர் பூசாமல் நின்றார்.

"சீவனை வீட்டிலை வைச்சுக்கொண்டு பட்டினி போடக்கூடாது. அது எல்லாத்திலையும் பெரிய பாவம்" என்றார். பிறகு அம்மாவிடம், "வீட்டுக்குள்ளை வேண்டாம். குசினி அடுப்பிலையும் வேண்டாம். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை வைச்சுக் குடும்" என்றார். பூசிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வந்தார். "வெள்ளிக்கிழமையிலை வேண்டாம். அண்டைக்கு எறும்பும் விரதம் இருக்கட்டும்."

நான் ஓடிப்போய்க் கப்பைப் பார்த்தேன். இலை மட்டும் கிடந்தது. வேலிக்குக் கீழே எங்கள் பூனை வாயை நக்கிக்கொண்டிருந்தது.

அதனால் அடுத்த நாள் காலையில் அம்மாவே படலையடியில் போய் நின்றார். மீன்கார மனிசி வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு கடந்து போனாள்.

"இஞ்சை நில்லணை" என்று அம்மா கூப்பிட்டார்.

அவள் நின்று முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். "என்னையோ?"

"ஓமணை. எறும்புக்கு."

மனிசி என்னைப் பார்த்தாள். தலையை நீட்டி வளவுக்குள் பார்த்தாள். கடகத்தை இறக்கினாள்.

"விளைமீன் கிடக்கு தங்கச்சி. காய்ச்சலாலை எழும்பின எறும்புக்கு வலு நல்லது."

ஒரு தலை காணும் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை.

"உனக்கென்ன தெரியும்? ஒரு ஊர்ச் சனம் உதுக்குள்ளை கிடக்கு" என்று முழு மீனாக வாங்கினார்.

எறும்பு வீட்டை மாமாதான் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வந்தார். அவருடைய கதிரையும் அங்கே போனது. எறும்புக்குக் காவல் வேண்டும் என்று அம்மா சொன்னார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். பிறகு மூலைக்குப் போய் அந்தக் கயிற்றை எடுத்து எறிந்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

"உது அம்மாவின்ரை சட்டியெல்லோ அக்கா" என்றார் மாமா.

"ஓம். பேசாமல் இரு."

நான் ஒரு துண்டை வாங்கி எறும்பின் தகரத்துக்குள் வைத்தேன். மிச்சத்தை அம்மா வெட்டிச் சட்டியில் போட்டார். புளி கரைத்து விட்டார். கூட்டின தூள் போட்டார். வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பால். ஒன்றையும் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மீன் சமைக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எறும்புக்குப் பாலும் புளியும் என்னத்துக்கம்மா?"

"பச்சையாய்த் திண்டால் வயித்துக்குள்ளை குத்தும்."

"சோறு?"

"சோறில்லாமல் குழம்பை என்னெண்டு தின்னுறது?"

அது நியாயமாகத்தான் பட்டது.

"நீ போய் முத்தத்தைக் கூட்டு. ஆக்கள் நிண்டு பாத்தால் எறும்பு கூச்சப்படும்" என்றார் அம்மா.

மாமாவை மட்டும் போகச் சொல்லவில்லை. காவல்காரன் அல்லவா? நான் முற்றம் கூட்டிவிட்டு வந்து பார்த்தேன். சட்டி வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. சோறும் இல்லை. மாமா கதிரையில் நித்திரை. மூக்கில் வேர்வை. எறும்பின் தகரத்தில் நான் வைத்த துண்டைச் சுற்றி அவை மொய்த்துக்கொண்டு நின்றன. இவ்வளவு தின்றும் இன்னும் பசி அடங்கவில்லையே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வெள்ளி தவிர்ந்த நாட்களில் மீன்கார மனிசி எங்கள் படலையடியில் தானாகவே நின்றாள். கூவுவதில்லை. "எறும்பு எப்பிடி?" என்று கேட்பாள். "பரவாயில்லையணை. நேத்து எழும்பி நடந்தது" என்பார் அம்மா. எறும்புகள் எப்போதும் நடக்கிறவைதானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

என் எறும்புகள் ஒரு நேரத்தில் ஒரு முழு விளைமீனும் ஒரு கோப்பைச் சோறும் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. கணக்கு வாத்தியார் என்னை எழும்பி நிற்கச் சொன்னார்.

"உங்கடை வீட்டு எறும்புக்கு மீசை இருக்குதோ?" என்று கேட்டார்.

வகுப்பே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி வழியே நன்றாக உற்றுப் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அடுத்த நாள் வாத்தியாரிடம் ஓம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை எறும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நெல் அறையில் புழுக்கள் கொழுத்தன. குறுணியாக இருந்தவை முழு அரிசி அளவுக்கு வந்தன. கூடு கட்டின. கூட்டை உடைத்துக்கொண்டு வெளிறின புது எறும்புகள் வந்தன. வந்து கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு வேலைக்குப் போயின. மீன் முள்ளைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு போய்ச் சாமியறையில் போட்டன. அதை மட்டும் ஐயா கண்ணில் படாமல் குடைச்சீலையால் மூடி வைத்தேன்.

ஐயா அந்தப் பக்கம் வருவதில்லை. மாட்டை அவிழ்ப்பதென்றாலும் முன்பக்கத்தால் வந்து அவிழ்த்துக்கொண்டு போவார். ஒருநாள் காற்று அங்கிருந்து வீட்டுப் பக்கம் வீசியது. கிணற்றடியில் நின்ற ஐயா மூக்கை உயர்த்தினார்.

"எறும்புக்கு உறைப்புக் கூடிப்போகாதோ?" என்று கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு உப்பிடித்தான் பிடிக்கும்" என்றார்.

ஐயா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.

மாமாவின் கன்னம் நிரம்பியது. கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க ஆள் வராத ஒரு நாள் அவரே ஏறினார். ஐயா கீழே நின்று தண்ணீர்ப் பட்டையைக் கவிழ்த்தார். புகையிலைக்குத் தண்ணீர் ஓடியது. "மெல்ல, மெல்ல" என்று ஐயா கத்திக்கொண்டே இருந்தார். மாமா கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்குப் பிறகு அவருக்கு வவுனியாவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிற வேலை கிடைத்தது. மலாயாவுக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். லீவு முடிந்துபோய்விட்டது என்று சொன்னார்.

அவரை ஏற்றிவிடச் சுன்னாகத்துக்குப் போனோம். மாமா கோட்டுப் போட்டிருந்தார். கந்தோர்ப் படத்தில் நின்ற மாதிரி இருந்தது. ரயில் பெட்டியில் ஏறிக் கையை யன்னலுக்கு வெளியே நீட்டி என் தலையில் வைத்தார்.

"எறும்பைப் பட்டினி போடாதை மருமோள்."

"போடமாட்டன்."

அம்மா அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். பழைய மூலைக்குப் போகவில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி மூன்று கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்தார். கல்லையும் எடுக்கவில்லை. மாமா சித்திரைக்கு வருவார் என்று சொன்னார். எறும்புக்கு இனிமேல் ஒரு சூடைத் தலை போதும் என்றார். மீன்கார மனிசி அதைச் சும்மாவே தந்தாள்.

என் எறும்புகள் முன்னையைவிடக் கூடியிருந்தன. நடு அறையிலும் இப்போது குடியிருந்தன. ஆனால் ஒரு சட்டிக் குழம்பை முடித்தவை இப்போது ஒரு சூடைத் தலையில் பாதியை அப்படியே விட்டுவிட்டன. மிச்சம் வெயிலில் காய்ந்துபோனது. எனக்குப் பயம் பிடித்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டார். ஐயாவிடம் போனேன். அவர் கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எறும்பு சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டுது. மாமா போன நாளிலை இருந்து."

ஐயா கழுவி முடித்து மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. சீவன்தானே. கவலை இருக்கும்" என்றார்.

குசினிக்குள் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பாசம் இருக்கிறதே என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் இதையும் சொன்னேன்.